தச்சுப் பட்டறை மூடினால் வணிகருக்கு என்ன நட்டம்?

மாசி மாதத்தில் மேல்மலையனூர் அங்காளபரமேசுவரி அம்மன் கோயில் திருவிழாவை அறியாத வணிகர் நம் செஞ்சி வட்டாரத்தில் இருக்க முடியாது. மயானக் கொள்ளை, தீமிதி, ஏழாம் நாள் தேர் என்று விழா நடக்கும் நாட்களில் தேங்காய், கற்பூரம், பொரி, பூசைச் சாமான் என்று நம்மவர் பலருக்கு நல்ல வியாபாரமும் உண்டு. ஆனால் அந்தத் தேரைப் பற்றிய ஒரு செய்தியை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. மற்ற ஊர்களில் ஒரு முறை செய்த தேர் பல தலைமுறைகளுக்கு நிலையில் நிற்கும். மேல்மலையனூரில் பனை, புளி, காட்டுவாகை போன்ற பச்சை மரங்களைக் கொண்டு ஆண்டுதோறும் புதிதாகத் தேர் கட்டுகிறார்கள்.

பக்தர்கள் இதை அம்மனின் மகிமையாகக் காண்கிறார்கள். வணிகர் கண்ணோடு பார்த்தால் இன்னொரு உண்மையும் தெரியும். ஆண்டுதோறும் தேர் வேண்டும் என்பதால், மரத்தைக் கூட்டத் தெரிந்த ஆளும் ஆண்டுதோறும் வேண்டும். மூத்த தச்சரின் பக்கத்தில் நின்று இளையவர் உளி பிடிக்க ஆண்டுதோறும் வாய்ப்பு வருகிறது. ஐம்பது ஆண்டுக்கு ஒரு முறை தேர் செய்யும் ஊரில், அடுத்த தேர் செய்யும் வேளை வரும்போது முந்தைய தேரைச் செய்தவர் உயிரோடு இருப்பாரா? ஒரு கைத்தொழிலை வாழ வைப்பது பாராட்டுக் கூட்டமும் பொன்னாடையும் அல்ல. விடாமல் வரும் வேலைதான். இந்த ஒரு கருத்தை நம் உறுப்பினர்கள் முன் வைக்கவே இக்கட்டுரை.

தச்சரைப் பற்றி வணிகர் இதழில் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். தகப்பன், மகன், மருமகன் என்று குடும்பமாக நடத்தும் தச்சுப் பட்டறையும், அதேபோல் குடும்பமாக நடத்தும் மளிகைக் கடையும் ஒரே படகில் இருக்கின்றன. அவர்களுக்கு வந்த கேடு நமக்கும் வந்துகொண்டிருக்கிறது. அதுமட்டுமல்ல, அவர்களுக்கு வேலை கொடுக்கும் இடத்தில் நாம்தான் இருக்கிறோம்.

மரவேலையின் தொன்மை

மரவேலை நம் மண்ணுக்கு எவ்வளவு பழையது என்பதற்குச் சான்று தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குகைக் கோயில் இருக்கிறது. காலம் 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இல்லாமலே பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் இந்தக் கோயிலை எழுப்பியதாக அங்குள்ள கல்வெட்டில் மன்னன் பெருமைப்பட்டுக் கொள்கிறான். மரம் இல்லாமல் கட்டினேன் என்று ஓர் அரசன் பெருமை பேசுகிறான் என்றால், அதுவரை மரம் இல்லாமல் கோயிலே கட்டியதில்லை என்றுதானே பொருள்?

கல்லுக்கு மாறிய பிறகும் சிற்பிகள் மரவேலையை மறக்கவில்லை. மாமல்லபுரத்தில் திரௌபதி ரதம் என்று சொல்லப்படுவது ஒரு கூரைக் குடிசையின் உருவம். மற்ற ரதங்களிலும் மரக்கூரையின் வளைவையும் சட்டங்களின் முனைகளையும் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தச்சன் முதலில் செய்ததைத்தான் கல்தச்சன் பின்னால் செய்தான் என்றால் மிகையாகாது.

நம் பனமலையையே எடுத்துக் கொள்வோம். மலைமேல் ராசசிம்ம பல்லவன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கற்கோயிலில் இருக்கும் இறைவன் பெயர் தாலகிரீசுவரர். தாலம் என்றால் பனை. ஊரின் பெயரும் பனை, சாமியின் பெயரும் பனை. அந்தப் பனைதான் இந்தப் பக்கத்து வீடுகளுக்குக் கைமரமாகவும் வாரையாகவும் இருந்தது. முற்றிய பனையில் வெளிப்பகுதி கருத்து இரும்பு போல் இருக்கும். உட்சோறு மென்மையாக இருக்கும். மரத்தைப் பிளந்து, சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு, வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் சட்டமாக எடுப்பது தனி வேலை. நாட்டு ஓட்டின் பாரத்தை அது பல பத்தாண்டுகள் தாங்கும்.

கற்கோயில் தானாக நிற்கும். மரம் அப்படி நிற்காது. கூரையில் ஓர் ஓடு நகர்ந்தாலும் மழைநீர் இறங்கி மரம் உளுத்துப் போகும். பார்த்து மாற்ற ஆள் இருந்தால் மரமும் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனை இதற்குச் சாட்சி. தமிழ்நாட்டில் இருந்தாலும் கேரள அரசின் தொல்பொருள் துறை அதைப் பராமரித்து வருகிறது. தொடர்ந்து பராமரிப்பதால்தான் அந்த மரக்கூரைகள் இன்றும் நம் கண்ணுக்கு இருக்கின்றன.

பட்டறையில் இருக்கும் முதல்

தச்சுப் பட்டறையின் முதல் என்ன என்று கேட்டால், ரம்பம், உளி, வாய்ச்சி, இழைப்புளி, கொட்டாப்புளி, ரசமட்டம், தூக்குக்குண்டு, நாலைந்து மின்சார மெஷின் என்று கணக்குச் சொல்வோம். இவற்றைக் கடையில் வாங்கிவிடலாம். உண்மையான முதல் அந்தக் குடும்பத்தின் கையிலும் கண்ணிலும் இருக்கிறது. நம் கடையில் துவரம் பருப்பைக் கையில் எடுத்த உடனே ஈரப்பதத்தைச் சொல்லிவிடும் பெரியவர் இருக்கிறார் அல்லவா? அதுபோல, மரத்தைத் தட்டிப் பார்த்து உள்ளே பொக்கு இருக்கிறதா என்று சொல்லும் தச்சர் இருக்கிறார்.

எந்த மரம் எதற்கு என்பது அவருக்கு மனப்பாடம். வண்டிச் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் கருவேலம். அடி தாங்கும் கட்டைக்குப் புளி. கரையானுக்குப் பயந்த இடத்தில் வேம்பின் வைரம். செக்குக்கு வாகை. இன்று மரச்செக்கு எண்ணெய் என்று எழுதி வைத்து நாம் கூடுதல் விலைக்கு விற்கிறோமே, அந்தச் செக்கின் உலக்கை தேய்ந்தால் மாற்றித் தருபவரும் இந்தத் தச்சர்தான்.

பச்சை மரம் காயும்போது சுருங்கும், முறுக்கிக் கொள்ளும். சில நாள் ஓடும் தேருக்குப் பச்சை மரம் பொருந்தும். காலமெல்லாம் நிற்கும் வாசற்காலுக்கும் நிலைக்கும் அது ஆகாது. நன்றாகக் காய்ந்த மரம் வேண்டும். ஆறு மாதத்தில் கதவு இறுகித் திறக்க முடியாமல் போனால் குற்றம் பெரும்பாலும் மரத்தைக் காயவிடாத அவசரத்தில் இருக்கும்.

இரண்டு சட்டங்களைக் கூட்டுவதில்தான் தொழிலின் நுட்பம் தெரியும். ஒன்றில் கழுந்து எடுத்து, மற்றதில் துளை போட்டு, உள்ளே இறக்கி, குறுக்கே மர ஆணி அடிப்பார்கள். கழுந்தில் போடும் ஆணித்துளையை ஒரு நூல் தள்ளிப் போட்டால், ஆணி இறங்க இறங்கக் கூட்டு இறுகிக்கொண்டே போகும். ஒரு நூலுக்குப் பதில் இரண்டு நூல் தள்ளினால் கழுந்தே பிளந்துவிடும். அந்த அளவை எந்தப் புத்தகத்தில் படிப்பது? தகப்பன் கையைப் பார்த்து, நாலு மரத்தைக் கெடுத்து, ஐந்தாவதில் கற்றுக்கொள்வதுதான் வழி. நாலு மரத்தைக் கெடுக்கும் அளவுக்குப் பட்டறையில் வேலை இருந்தால்தான் பையன் கற்பான்.

கடைக்கும் பட்டறைக்கும் இருந்த உறவு

ஒரு காலத்தில் நம் கடை முழுவதுமே தச்சர் கைவேலைதான். எண் போட்ட பலகைகளை ஒவ்வொன்றாகக் காடியில் இறக்கிக் கடையைச் சாத்துவோம். கல்லாப்பெட்டி, கணக்கு மேசை, பருப்புப் பெட்டி, உப்புத் தொட்டி, மரக்கால், படி எல்லாம் பட்டறையிலிருந்து வந்தவை. மெட்ரிக் முறை 1958 முதல் படிப்படியாக வந்து மரக்காலும் படியும் வியாபாரத்திலிருந்து போயின. பலகைக் கதவு இருந்த இடத்தில் இரும்பு ஷட்டர் வந்தது. அலமாரி இருந்த இடத்தில் இரும்பு ரேக்கும் பார்ட்டிகிள் போர்டும் வந்தன. காலத்துக்கேற்ற மாற்றத்தைக் குறை சொல்வதற்கில்லை. பத்து மணிக்குக் கடை சாத்தும்போது பலகை அடுக்க யாருக்கும் பொறுமையில்லை என்பது உண்மைதான்.

ஆனால் மாறியதில் எல்லாமே நமக்கு லாபமா என்று கணக்குப் பார்க்க வேண்டும். உப்பு மூட்டையும் புளியும் வைத்த இரும்பு ரேக் எத்தனை ஆண்டு வருகிறது? துரு ஏறி, தகடு உரிந்து, மூட்டையும் கறை படிகிறது. பார்ட்டிகிள் போர்டு என்பது மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகை. ஒரு முறை தண்ணீர் பட்டால் ஊதிவிடும். பிறகு திருகாணி நிற்காது. பழுது பார்க்கவும் வழியில்லை. மரச் சட்டத்தில் ஒரு கால் உளுத்தால் அந்தக் காலை மட்டும் மாற்றலாம். வாங்கிய விலையை மட்டும் பார்க்காமல், எத்தனை ஆண்டு உழைக்கிறது என்று வகுத்துப் பார்ப்பதுதானே வணிகர் கணக்கு?

2024 நவம்பர் இறுதியிலும் டிசம்பர் முதல் நாளிலும் வந்த பெஞ்சல் புயலை நாம் மறக்க முடியாது. பக்கத்து மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் தரையோடு தரையாகக் கிடக்கும் அரிசி மூட்டைக்கும், அரை அடி உயரச் சட்டத்தின் மேல் இருக்கும் மூட்டைக்கும் உள்ள வேறுபாடு நூறு ரூபாய், இருநூறு ரூபாய் அல்ல. சில கடைகளுக்கு ஒரு மாத வருமானம். உணவுப் பாதுகாப்பு விதிகளும் சரக்கைத் தரையில் படாமல், சுவரை ஒட்டாமல் உயர்த்தி வைக்க வேண்டும் என்றுதான் சொல்கின்றன. அதிகாரி வந்து கேட்பதற்கு முன் நாமே செய்து கொண்டால் சரக்கும் பிழைக்கும், பக்கத்துப் பட்டறையும் பிழைக்கும்.

ஜப்பான் சொல்லும் பாடம்

உலகில் மிகப் பழைய குடும்ப நிறுவனம் என்று பலரும் எடுத்துக்காட்டியது ஒரு தச்சு நிறுவனத்தைத்தான். ஜப்பானில் ஒசாகா நகரத்தில் கோங்கோ குமி என்ற நிறுவனம் கி.பி. 578இல் ஷிடென்னோஜி என்ற புத்தர் கோயிலைக் கட்டுவதற்காகத் தொடங்கியதாகச் சொல்வர். மரத்தால் கோயில் கட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் தொழில். ஏறத்தாழ 40 தலைமுறை அந்தக் குடும்பமே நடத்தியது. மகனுக்குத் திறமை இல்லையென்றால் மருமகனைத் தத்தெடுத்துப் பொறுப்பைக் கொடுத்தார்கள். 1930களில் ஒரு விதவைப் பெண்மணி தலைமை ஏற்று நடத்தினார். போர்க்காலத்தில் கோயில் வேலை நின்றபோது சவப்பெட்டி செய்து பிழைத்தார்கள்.

இவ்வளவும் தாங்கிய நிறுவனம் 2006இல் வேறு ஒரு கட்டுமான நிறுவனத்தின் கைக்குப் போனது. தச்சு வேலை கெட்டதால் இது நேரவில்லை. 1980களில் நிலத்தின் விலை ஏறியபோது கடன் வாங்கி நிலத்தில் போட்டார்கள். விலை இறங்கியது, கடன் நின்றது. அதோடு கோயில் வேலையும் குறைந்தது. தெரிந்த தொழிலில் கிடைத்த பெயரை அடகு வைத்துத் தெரியாத தொழிலில் இறங்குவது எவ்வளவு ஆபத்து என்பதை நம் வணிகர்களும் இதிலிருந்து படிக்கலாம். குடும்பம் போனாலும் கோங்கோ குமியின் தச்சர்கள் போகவில்லை. புதிய நிறுவனத்தின் கீழ் கோயில் வேலை தொடர்ந்தது.

அதே நாட்டில் ஈசே என்ற ஊரில் உள்ள மரக் கோயிலை 20 ஆண்டுக்கு ஒரு முறை புதிதாகக் கட்டுகிறார்கள். 690ஆம் ஆண்டு தொடங்கிய வழக்கம் இது. இடையில் போர்க்காலத்தில் தடைப்பட்டும், 2013இல் 62ஆவது முறையாகக் கட்டினார்கள். அடுத்தது 2033இல். இருபது வயதில் எடுபிடியாக வந்தவர் நாற்பதில் தச்சராகவும் அறுபதில் மேற்பார்வையாளராகவும் வரலாம். நம் மேல்மலையனூரில் அந்த வாய்ப்பு இருபது ஆண்டுக்கு ஒரு முறை அல்ல, ஆண்டுக்கு ஒரு முறை கிடைக்கிறது. ஆனால் தேர் ஒன்றை வைத்து ஒரு வட்டாரத்துத் தச்சர்கள் அத்தனை பேரும் ஆண்டு முழுவதும் பிழைக்க முடியாது. மற்ற மாதங்களுக்கு வேலை தருவது ஊரின் பொறுப்பு.

இரு பக்கத்துக் குறைகள்

நம் உறுப்பினர்கள் சொல்லும் குறையை மறைப்பதற்கில்லை. “தச்சர் சொன்ன நாளில் முடிப்பதில்லை, அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஆளே வருவதில்லை, ரெடிமேடில் வாங்கினால் மறுநாளே வேன் வந்து இறக்கிவிட்டுப் போகிறது” என்கிறார்கள். நியாயமான குறைதான்.

ஆனால் காரணத்தையும் பார்க்க வேண்டும். சிறிய பட்டறைக்குக் கையில் ரொக்கம் இருப்பதில்லை. மரத்தைக் கன அடிக் கணக்கில் ரொக்கத்துக்குத்தான் வாங்க வேண்டும். பர்மாத் தேக்கு உருட்டு மரத்தின் ஏற்றுமதியை மியான்மர் 2014 ஏப்ரலில் நிறுத்திய பிறகு, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா என்று எங்கிருந்தோ வரும் தேக்கைத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. விலையும் தரமும் நிலையாக இருப்பதில்லை. முன்பு வேலை செய்து கொடுத்த இடத்தில் பாக்கி நிற்கும். அந்தப் பாக்கி வராததால் உங்கள் அட்வான்ஸ் வேறு ஒருவர் வேலைக்கு மரமாகிவிடுகிறது. கடன் சரக்கு கொடுத்துவிட்டு வசூலுக்கு நடக்கும் நமக்கு இந்த வேதனை புரியாததல்ல. நமக்குப் பாக்கி வைப்பவர்களைத் திட்டும் நாம், தச்சருக்கு வைத்த பாக்கியை மட்டும் பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளுவது முறையா?

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. பதிவு பெற்ற குறு, சிறு தொழில்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள்ளும் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதற்கு மேல் தாமதித்த தொகையைக் கொடுத்து முடிக்கும் வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் 2024–25 மதிப்பீட்டு ஆண்டு முதல் வந்தது. பட்டறைக்காரர்களும் தங்கள் பங்குக்கு எஸ்டிமேட்டை எழுதிக் கொடுத்து, பில் போட்டு, முடியாத நாளைச் சொல்லாமல் இருக்கப் பழக வேண்டும்.

நாம் செய்யக் கூடியவை

முதலாவது, ஒவ்வொரு கடைக்காரரும் ஆண்டுக்கு ஒரு வேலையாவது உள்ளூர்ப் பட்டறைக்குக் கொடுப்பது. மூட்டைக்கு அடிச்சட்டம், உப்புக்கும் புளிக்கும் மரத் தட்டு, பழைய அலமாரிப் பழுது என்று சிறிய வேலையே போதும்.

இரண்டாவது, சங்கத்தின் வழியாகச் சேர்ந்து ஆர்டர் கொடுப்பது. நாற்பது கடைக்கு ஒரே அளவில் அடிச்சட்டம் என்றால் பட்டறை ஒரே முறை மரம் எடுத்து, ஒரே முறை அறுத்து, கழிவைக் குறைக்க முடியும். நமக்கும் விலை குறையும். மொத்தக் கொள்முதலின் லாபத்தை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சித்திரையில் ஆர்டர் கொடுத்தால் ஐப்பசி மழைக்கு முன் சட்டம் கடைக்கு வந்துவிடும். மரம் காயவும் நேரம் கிடைக்கும்.

மூன்றாவது, பணத்தை மூன்று தவணையாகப் பிரிப்பது. மரத்துக்கு ஒரு பங்கு, சட்டம் கூட்டியதும் ஒரு பங்கு, கடையில் இறக்கிய அன்றே மீதி.

நான்காவது, பழைய மரத்தை வீணாக்காமல் இருப்பது. ஓட்டு வீடுகளை இடிக்கும்போது வரும் உத்திரமும் பனைச் சட்டமும் விறகு விலைக்குப் போகின்றன. பல்லாண்டு காய்ந்த அந்த மரத்துக்கு ஈடாக இன்று புதிய மரம் கிடைப்பது அரிது. பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு 2021இல் அறிவித்தது. அது நல்லதே, இருக்கும் பனையைக் காக்க வேண்டும். ஆகவே இடித்த வீட்டுப் பனைச் சட்டத்தை எரிப்பது இரட்டை நட்டம்.

ஐந்தாவது, அரசுத் திட்டங்களைத் தச்சர் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்வது. மத்திய அரசு 2023 செப்டம்பர் 17இல் தச்சுத் தொழில் உட்பட 18 தொழில்களுக்கு விசுவகர்மா திட்டத்தைத் தொடங்கியது. குடும்பத் தொழில் என்ற அடிப்படையை ஏற்காத தமிழக அரசு, 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. 25 தொழில்களுக்கு, 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம் என்று அப்போது அறிவித்தார்கள். நடப்பு விதிகளை விழுப்புரம் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறியலாம். படிவம் நிரப்புவதும் வங்கிக்குப் போவதும் நமக்குப் பழகிய வேலை, அவர்களுக்குப் புதியது. நாம் ஒரு மணி நேரம் உடன் போய் வந்தால் ஒரு பட்டறைக்கு முதல் கிடைக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தச்சர் மகன் தச்சனாகத்தான் வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. அவன் படித்து எந்த வேலைக்கும் போகட்டும். வேறு குடும்பத்துப் பையனோ பெண்ணோ விரும்பி வந்து உளி பிடிக்கட்டும். விரும்பி வருகிறவருக்கு மாதம் முழுதும் வேலையும் வாரக் கடைசியில் கூலியும் இருக்கிறதா என்பதே கேள்வி. அது இருந்தால் தொழில் குடும்பத்திலும் நிற்கும், குடும்பத்துக்கு வெளியேயும் பரவும்.

பக்கத்துக் கள்ளக்குறிச்சியின் மரச் சிற்பங்களுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் சிற்பம் வரவேற்பறைக்குப் போகும். வாசற்காலும் கூரைச் சட்டமும் மூட்டைப் பலகையும் செய்கிறவருக்குக் குறியீடு கிடையாது. அவருக்கு ஊர்க்காரர் கொடுக்கும் வேலைதான் குறியீடு.

வணிகப் பெருமக்களே! “கடையைத் தேடி வாருங்கள், பக்கத்துக் கடையில் வாங்குங்கள், ஆன்லைனுக்குப் போகாதீர்கள்” என்று நாம் மே 5 வணிகர் தினத்தில் மேடை போட்டுப் பொதுமக்களைக் கேட்கிறோம். அதே பொதுமக்களில் ஒருவர்தான் தச்சர். அவர் பட்டறையில் சுற்றுகிற காசு மாலையில் அரிசியாகவும் எண்ணெயாகவும் நம் கடைக்குத்தான் வருகிறது. பட்டறை மூடிச் சென்னைக்குக் கூலியாகப் போன குடும்பம் மளிகையையும் சென்னையில்தான் வாங்கும். தலைப்பில் கேட்ட நட்டம் இதுதான். அடுத்த செயற்குழுவில் அடிச்சட்டத்துக்கான கூட்டு ஆர்டரைத் தீர்மானமாக எடுத்து, எத்தனை கடை, என்ன அளவு என்ற பட்டியலை இந்த மாதமே தயாரிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.